மூட்டைக்கு ஒரு கை மல்லாட்டை

பவுண்டும் மணங்கும் போய் கிலோ வந்துகொண்டிருந்த காலம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நான் வேலையில் இருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். விவசாயிகள் வண்டியில் கொண்டுவரும் மூட்டைகளைத் தரம் பார்த்துச் சொல்வது என் வேலை. மூட்டையின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கை அள்ள வேண்டும். காதருகே குலுக்கிப் பார்த்து, நாலைந்தை உடைத்துப் பருப்பின் நிறம் பார்த்து, வாயில் போட்டுக் கடித்தால் ஈரமா, காய்ச்சலா, கசப்பா என்று தெரிந்துவிடும். நான் ‘தேவலாம்’ என்றால் தேவலாம்தான். மறுபேச்சு கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது எனக்கு நாற்பது வயது. நல்ல கனத்த உடம்பு. மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒருநாள் விளையாட்டாக என்னை மண்டித் தராசில் ஏற்றி எதிர்த்தட்டில் பருப்பு மூட்டையை வைத்தார்கள். மூட்டை மேலே போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உடம்பு என்பது சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டின் அடையாளம் என்று நினைத்திருந்தவன் நான். அதைப் பற்றி வருத்தப்பட எனக்குத் தோன்றியதே இல்லை.

வருத்தப்பட வைத்தது அடிவயிற்றில் வந்த ஒரு வீக்கம். இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம். இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் யாரிடமும் சொல்ல வெட்கம். வேட்டிக்குள் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் என் மனைவி கண்டுபிடித்து, விழுப்புரத்தில் இருந்த ஒரு சர்ஜனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் பார்த்துவிட்டுத் தராசில் ஏறச் சொன்னார். இருநூற்றுப் பதினெட்டு பவுண்டு. இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து, அப்படியே அறுத்தாலும் தையல் நிற்காது என்றார். நாற்பது பவுண்டு இறங்கிவிட்டு வரச் சொன்னார். எழுந்து கதவு வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

“வெளிய வந்த குடல் உள்ள போகாம சிக்கிக்கிச்சுன்னா நீங்க வந்து சேர்ற வரைக்கும் தாங்காது. அதனால ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க.”

அதாவது, அவசரமாக அறுக்கவும் முடியாது, அவசரப்படாமல் இருக்கவும் முடியாது. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு அப்போது பதினொரு வயது. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் பிடிவாதக்காரன். மறுநாளே சோற்றை விட்டேன். இரவுக்குக் கேப்பைக் கூழ் மட்டும். சனிக்கிழமை பச்சைத் தண்ணீர் விரதம். கோயிலில் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். என் மனைவி, பாவம், எனக்கு ஆசை வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குக்கூட அப்பளம் பொரிப்பதை நிறுத்தினாள். பத்து நாள் தாக்குப்பிடிப்பேன். பதினோராம் நாள் யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டுவார்கள், அங்கே போய் விட்டதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாது. மறுபடி ஒரு சத்தியம். இப்படியே ஆறு மாதம். போய் நிறுத்துப் பார்த்தால் இரண்டு பவுண்டு கூடியிருந்தது.

எனக்கே புரியவில்லை. விரத நாளில்கூட எடை ஏறுமா என்ன? என் மனைவி நான் வெளியே எங்கோ சாப்பிடுகிறேன் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, பார்வையில் தெரிந்தது. நான் கோபப்பட்டேன். நியாயமான கோபம் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கோபத்தோடு ஒருநாள் விழுப்புரத்துக்குக் கிளம்பியபோதுதான் அது நடந்தது. விக்கிரவாண்டியை நெருங்கும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடிவயிற்றில் சுருக்கென்றது. கை வைத்துப் பார்த்தால் வீக்கம் கல்லாக இருந்தது. அமுக்கினால் உள்ளே போகவில்லை. வேர்த்துக்கொட்டியது, வாந்தி வந்தது. கண்டக்டர் என்னை இறக்கி ஒரு டீக்கடைப் பெஞ்சில் படுக்கவைத்தார். காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். மேலே கீற்றில் ஒரு பல்லி இருந்தது. அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வேறெதையும் நினைக்கப் பயமாக இருந்தது. ஒரு மணி நேரமோ என்னவோ, குடல் தானாக உள்ளே நழுவியது. எழுந்து ஒரு சோடா குடித்துவிட்டுத் திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. செத்துப்போவேன் என்று எனக்கு முதல்முறையாக உறைத்தது அன்றைக்குத்தான்.

மண்டியில் கூட்டிப் பெருக்க ஒரு அம்மாள் இருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கணவர் இறந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவள், இரண்டு பிள்ளைகள். நான் உட்காருகிற இடத்தில் குவியும் தோலை மாலையில் கூடையில் அள்ளிப்போவாள், அடுப்பெரிக்க. ஐந்து வருஷத்தில் அவளோடு நான் ஐந்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

விக்கிரவாண்டி சம்பவம் நடந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் வண்டிகள் ஓய்ந்திருந்த நேரம். அவள் ஒரு பழைய தகர டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முன்ன தரம் பாத்த பெரியவரு ஒண்ணு கடிச்சுப் பாத்துட்டு மீதிய கீழ போட்டுடுவாராம். கீழ வுழறது கூட்றவளுக்குன்னு இங்க பேச்சு. இப்ப தோலுதான் வுழுது, பருப்பு வுழறதில்ல. இத்த பக்கத்துல வச்சிக்கினு இதுல போட்டீங்கன்னா புள்ளைங்களுக்கு ஆவும்.”

டின்னை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் என் காலடியைப் பார்த்தேன். தோல் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. பருப்பு ஒன்றுகூட இல்லை.

மண்டியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். உடைத்துப் பார்த்த பருப்பைத் திரும்ப மூட்டையில் போடமாட்டார்கள். அது கூட்டுகிறவருக்கு. தெரிந்திருந்தும் அதை நான் நினைத்ததே இல்லை. அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு மூட்டை பார்ப்பேன். மூட்டைக்கு நாலைந்து பருப்பு. விரத நாளில் பசி வேறு, ஒரே மூட்டையை இரண்டு தடவை சோதிப்பேன். இத்தனையும் என் கணக்கில் சாப்பாடு இல்லை, வேலை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தபோதுகூட மல்லாட்டை என் நினைவுக்கு வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மறுநாள் முதல் ஒரு பருப்பைக்கூட வாயில் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வழக்கமான சத்தியம்தான். பத்து மூட்டை தாண்டவில்லை, வாய் மென்றுகொண்டிருந்தது. எப்போது போட்டேன் என்றே தெரியவில்லை. கை உடைக்கும், கை வாய்க்குப் போகும், நடுவில் என்னை யாரும் கேட்பதில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஆசையை அடக்கலாம், இது ஆசையே இல்லை. கைக்குப் பழகிப்போன பாதை.

சத்தியத்தை விட்டுவிட்டு டின்னை நகர்த்தினேன். பக்கத்தில் இருந்ததை மடியில் வைத்துக்கொண்டேன். உடைக்கிற கைக்கு நேர் கீழே டின், வாய் அதைவிடத் தூரம். முதல் வாரம் ஐந்தில் மூன்று வாய்க்குத்தான் போயிற்று. நான் சண்டை போடவில்லை. இரண்டு டின்னுக்குப் போயிற்றல்லவா என்று இருந்துவிட்டேன். ஒரு மாதத்தில் அது தலைகீழாக மாறியது. பிறகு மூட்டைக்கு ஒன்று மட்டும் கடிப்பது என்றும், அதுவும் பழகிய பிறகு வண்டிக்கு ஒன்று என்றும் குறைந்தது. கண்ணும் காதும் எனக்கு நன்றாகவே வேலை செய்தன, வாய்தான் தேவையில்லாமல் கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறது.

டின் மடியில் இருந்ததால், இழுத்து வந்த மூட்டைக்குள் உட்கார்ந்தபடி குனிந்து கை விட வசதிப்படவில்லை. ஒரு கையில் டின்னைப் பிடித்துக்கொண்டு நானே வண்டி வண்டியாகப் போக ஆரம்பித்தேன். காலை முதல் மாலை வரை மண்டிக்குள் நடைதான். வீட்டுக்குப் போகும்போது உண்மையான பசி இருக்கும். சோறு, குழம்பு, அப்பளம், எல்லாம் போடச் சொன்னேன். என் மனைவி பயந்துகொண்டே போட்டாள். ஒரு தட்டில் வயிறு நிறைந்துவிட்டது. பல வருஷமாக நான் பசியில்லாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இறங்கியது மெதுவாகத்தான். மாதத்துக்கு மூன்று பவுண்டு, சில மாதம் ஒன்றுமில்லை. நடுவில் ஆஸ்பத்திரியில் கிலோ தராசு வந்துவிட்டது. இருநூறு பவுண்டு ஆள் ஒரே நாளில் தொண்ணூறு ஆகிவிட்டேன் என்று மண்டியில் சொன்னேன், ஒரு வாரம் சிரித்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத் தராசு எண்பத்தொன்றில் நின்றது. சர்ஜன் முள்ளை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். என்ன வைராக்கியம் ஐயா உங்களுக்கு என்றார். அடுத்த வாரமே அறுவை செய்தார். தையல் நின்றது, நானும் நின்றேன்.

மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு மண்டிக்குப் போனேன். வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அவள் கூட்ட வந்தாள். எந்தப் பக்கம், வலப் பக்கமா என்று கேட்டாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் சொன்னாள். “எங்க வூட்டுக்காரருக்கும் அதே எடந்தாங்க. இருமறதுக்கு முன்னாடியே கைய அங்க வச்சிக்குவாரு. நீங்களும் அப்படித்தான் வச்சிக்கினு இருந்தீங்க. அவரு ஒரு நாளு மூட்டைய இறக்கிட்டு ஒக்காந்தாரு, அப்பறம் எழுந்துக்கல. வெளிய ஆம்பளைங்க கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது, வயித்து வலின்னு சொல்லிட்டோம்.”

அவள் கணவர் அதே மண்டியில் மூட்டை தூக்கியவர். வயிற்று வலியில் போய்விட்டார் என்று எனக்கும் சொன்னார்கள். நானும் ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் இறக்கிவைத்த மூட்டைகளில் எத்தனையோ மூட்டைக்கு நான் தரம் சொல்லியிருக்கிறேன். அவர் கை எங்கே இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்படியானால் அன்றைக்கு டின்னைக் கொண்டுவந்தது எனக்காகவா என்று கேட்டேன்.

“புள்ளைங்களுக்குந்தான், உங்களுக்குந்தான். பட்டினி கெடக்கறேன்னு சொல்லிக்கினே பருப்ப மென்னுக்கினு இருந்தீங்களே” என்றாள். பிறகு தோலை அள்ளப் போய்விட்டாள்.

இப்போதும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது தடித்த உடம்போடு வந்து உட்கார்ந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், இவரைப் பார், மன உறுதியால் பதினெட்டு கிலோ குறைத்தவர் என்று. நான் மறுப்பதில்லை, விளக்கப் போனால் கதை நீளம். ஆனால் எனக்குத் தெரியும், அந்தப் பதினெட்டு கிலோவை இறக்க நான் எதையும் தியாகம் செய்யவில்லை. இன்னொருவர் வீட்டுப் பங்கைத் தின்பதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.