நாற்பத்தொரு எக்ஸ்டென்ஷன் சௌந்தரபாண்டியன்

சங்கரன்கோவிலில் சௌந்தரபாண்டியனைப் போல ஒரு மண்டைக்கனக்காரனை நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவன். இப்போது என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவனுக்கு ஆபீஸ். நகைக்கடை, லாட்ஜ், ஞானசெல்வியக்காளின் திருமணத் தகவல் மையம் என்று பன்னிரண்டு வெப்சைட்டுகளை அவன்தான் பராமரிக்கிறான். அப்படி அவன் சொல்லிக்கொள்கிறான்.

உண்மையில் அவன் பராமரித்தது தன் பிரவுசரைத்தான். அதில் ஒட்டிவைக்கிற குட்டிக் கருவிகள், எக்ஸ்டென்ஷன்கள், நாற்பத்தொன்று வைத்திருந்தான். நிறத்தின் நம்பரைச் சொல்ல ஒன்று. செத்துப்போன இணைப்பைக் காட்ட ஒன்று. பக்கம் எத்தனை வினாடியில் திறக்கிறது என்று அளக்க ஒன்று. செல்போனில் சைட் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரிலேயே காட்ட ஒன்று. விளம்பரத்தைத் தடுக்க மட்டும் மூன்று. டீ குடிக்க வருகிறவனையெல்லாம் நிறுத்திவைத்து இந்தப் பட்டியலை ஒப்பிப்பான். இத்தனையும் சுமந்துகொண்டு அந்த பிரவுசர் திறப்பதற்குள் டீ ஆறிவிடும்.

சித்திரையில் தன் ஒரே மகள் ப்ரியதர்ஷினியின் படத்தை ஞானசெல்வியக்காள் சைட்டில் ஏற்றினான். எம்.காம். படித்தவள், இருபத்தெட்டு வயது. இந்த வருஷம் முடியாவிட்டால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

வைகாசியில் எவனோ அந்த சைட்டுக்குள் புகுந்து விளம்பரங்களைச் சொருகிவிட்டான். பெண்களின் படத்துக்குப் பக்கத்தில் சீட்டாட்டம். அதற்குக் கீழே, அரைகுறை உடையில் பேசக் கூப்பிடுகிற பொம்பளைகள். ஊரே பார்த்தது. இவன் மட்டும் பார்க்கவில்லை. இவன் பிரவுசரில்தான் மூன்று தடுப்பு இருக்கிறதே!

ஞானசெல்வியக்காள் மாடியேறி வந்து சொன்னாள். "தம்பி, சைட்டுல அசிங்கமா என்னமோ வருதுப்பா."

"அக்கா, ஒங்க போன்ல வைரஸ். இங்கன பாருங்க, எம்புட்டு சுத்தமா இருக்கு!"

ப்ரியதர்ஷினியும் சொல்லிப் பார்த்தாள். அவள் நீட்டிய போனை அவன் கையில்கூட வாங்கவில்லை. செல்போன் காட்சியைக் காட்டுகிற அந்தக் கருவியைத் அதே மூன்று தடுப்போடு தன் கம்ப்யூட்டரில் திறந்து, "போன்லயும் க்ளீனாத்தானட்டி தெரியுது" என்றானாம். முட்டாளுக்குக் கருவி கிடைத்தால் இப்படித்தான்.

ஆனியில் வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்தது மாப்பிள்ளையின் மாமா மட்டும். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீஸுக்கு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன்.

அவர் போனை மேஜையில் வைத்தார். "பொம்பளப்பிள்ள படத்துப் பக்கத்துல இதென்ன வே?"

சௌந்தரபாண்டியன் போனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மானிட்டரைத் திருப்பினான். "ஒங்க போன்ல வைரஸ் அண்ணாச்சி. இங்கன பாருங்க."

"ஒம்ம கம்ப்யூட்டர் முன்னால வந்து உக்காருதவன்தான் ஒம்ம மகளக் கெட்டணுமா வே?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

"பட்டிக்காட்டுப் பயலுவ. ஒரு போனைச் சுத்தமா வச்சிக்கிடத் தெரியல" என்றான் என்னிடம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவனுக்கு மூஞ்சியே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ப்ரியதர்ஷினி என் கடைக்கு வந்தாள். தன் விவரத்தை ஒரு தாளில் அடித்துக் கொண்டுவந்திருந்தாள், படம் இல்லாமல். இருபது காப்பி கேட்டாள். சைட்டில் இருந்த தன் பக்கத்தை ஞானசெல்வியக்காளிடம் சொல்லி எடுக்க வைத்துவிட்டாளாம்.

"அண்ணாச்சி, அந்த விளம்பரத்தை நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன் மக்கா. வைகாசியிலேயே."

"அப்பாட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவன் மூக்குடைபடுவதைப் பார்க்க ஒரு மாதமாகக் காத்திருந்தேன். டீக்கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து நாலு பேருக்குக் காட்டிச் சிரித்தேன். அந்த நாலு பேரும் பார்த்தது இவள் படத்தை.

மிஷினிலிருந்து கடைசித் தாள் வரும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. அவள் தாள்களைத் தட்டி அடுக்கிக் கவரில் போட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.