அண்ணனுக்கு நான் வைத்த பத்தியம்

புண்ணைப் பட்டினி போட்டால் புண் செத்துவிடும் என்று நம்பியவன் நான். அந்தப் பட்டினி அண்ணனின் வயிற்று வழியாகத்தான் போகவேண்டும் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஆண்டுப் பூசை முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களாகிய நீங்கள் என்னை ஊர்க் கோமாளியாகவே அறிவீர்கள். கோமாளி வைத்தியனான கதையையும் அறியுங்கள்.

அண்ணன் குளச்சலை அடுத்த கடற்கரையில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. அந்த மாதமே கட்டுமரம் ஏறி எங்களை வளர்த்தார். சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டம் எனக்கு, வால் அவருக்கு. என் மீசை நரைத்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. யாரையும் கைநீட்டி அடித்தறியார், என்னைத் தவிர. அதற்கும் தகுந்த காரணம் இருந்தது.

சென்ற ஆண்டு ஆனிமாத அலையில், கரையேற்றிய கட்டுமரம் புரண்டு அவர் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. மூன்றாம் வாரம் பின்னிடுப்பில் படுக்கைப்புண் கண்டது. அதைப் பார்த்துப் பயந்துபோனேன். பயத்தை மறைக்க அதிகாரம் செய்தேன். மீன் சீழ் வைக்கும், முட்டை சூடு, பால் புண்ணை ஊறவைக்கும் என்று கரையில் காதில் விழுந்ததையெல்லாம் சட்டமாக்கினேன். கஞ்சித்தண்ணீரும் உப்பும் மட்டுமே ஆகாரம். அண்ணனின் மனைவி, என் மைனி, கெஞ்சினார்கள்; நான் மசியவில்லை. நானோ கடற்கரையில் சாளைமீன் சுட்டுத் தின்று, வாய் கொப்பளித்துவிட்டுக் காவலுக்கு வருவேன்.

"ஏலே, இன்னைக்குச் சாளை பட்டிருக்கா?"

"இல்லண்ணே."

"பெறவு ஒனக்க வாயில என்னலே மணக்கு? எனக்கும் ஒரு துண்டம் தாலே மக்கா. பசிக்கி."

"புண்ணு ஆறட்டும்ணே. முழுப் பாரை மீனே தாரேன்."

"அதுக்குள்ள நான் கருவாடாயிருவேன்லே."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

புண்ணில் எலும்பு தெரிந்த பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். புண்ணைக் கழுவிய கன்னியாஸ்திரி அண்ணனின் விலாவைத் தொட்டுப் பார்த்து, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். என் பத்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"புண்ணு வழியா ஒழுகுதது இவருக்க சத்தாக்கும். சுகமா இருக்கியவன் தின்னியதைவிட இவரு கூடுதலா தின்னண்டாமா? முட்டை, பாலு, பயறு எல்லாம் வேணும். மீன்காரருக்க வீட்டுல மீனுக்கா பஞ்சம்?"

கருங்கல் ஊர்ச் சந்தைக்கு ஓடினேன். வாங்கிய முட்டைகளில் பாதியைத் திரும்பும் ஓட்டத்திலேயே உடைத்தேன். மிஞ்சியதைப் பாலில் அடித்துக் கொடுத்தோம். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

அண்ணனை முறைவைத்துப் புரட்டிப் படுக்கவைத்த கட்டுமரத் தோழர்களுக்கும், கேட்காமலே எருமைப்பால் கொண்டுவந்த அயல்வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் புண் கழுவிய கன்னியாஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மைனிக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியாக, வேகவைத்த பாரையின் நடுத்துண்டத்தை முள்ளெடுத்து அண்ணனின் வாயில் வைத்தேன். மென்றார். விழுங்க முடியவில்லை. என் உள்ளங்கையில் துப்பினார். புண் ஆறவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் இறந்துபோனார்.