மூலைக்குப் போனதும் இடம் மாறுவோம்

விருந்து வீட்டிலிருந்து புறப்படும்போது என் கணவர்தான் காரை எடுப்பார். நான் பக்கத்தில் இருப்பேன். வாசலில் நிற்பவர்களுக்குக் கை காட்டி, ஹோர்னை ஒருமுறை அடித்து, வீதி மூலை வரைக்கும் ஓட்டுவார். மூலை திரும்பியதும் ஓரமாக நிறுத்துவார். இருவரும் இறங்கி இடம் மாறுவோம். பிறகு நான் ஓட்டுவேன், அவர் சீட்டைச் சரித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அவர் குடித்திருப்பார், குடித்த மனிசனை மனைவி ஏற்றிக்கொண்டு போவதை நாலு பேர் பார்க்கக்கூடாது. அந்த நூறு மீட்டருக்குள் பொலிஸ் பிடித்தால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். "வாய் வையாதேயும்" என்றார்.

இத்தனைக்கும் நான் பஸ் ஓட்டுபவள். ஒக்லாந்தில், ஒடாஹுஹுவிலிருந்து புறப்படும் பஸ், பதினொரு வருடமாக. விடிய எழும்பி விமான நிலைய வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சாமான் பைகளோடு கிழவிகள் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ பேரை ஏற்றி இறக்குகிறேன். இறங்கும்போது எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இந்த ஊர்ப் பழக்கம் அது. வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவர் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுகிறார். "என்ர வைஃப் ட்ரான்ஸ்போர்ட்டில" என்பார். ட்ரான்ஸ்போர்ட்டில் என்ன என்று யாராவது துருவினால் "ஒஃபிஸ் வேலைதான்" என்பார். நானும் வேலை முடிந்து கோயிலுக்குப் போகும் நாட்களில் யூனிஃபோர்முக்கு மேல் கார்டிகனைப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனேன். அதைத்தான் குடும்பம் நடத்துவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடைச்சி.

ஆர்ஜென்டினாவுக்குப் போன அந்தப் பயணம் என்னுடைய ஆசை. எங்கள் டிப்போ ஓய்வறையில் யாரோ விட்டுப்போன ஒரு சஞ்சிகையில் படம் பார்த்தேன். ஆர்ஜென்டினாவின் வடக்கே, ஆண்டீஸ் மலைக்குள், ஒரு மண் வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. மலைக்கு அப்பால் பள்ளத்தாக்குகள். மழையே காணாத அந்த மண்ணில், முகில் உயரத்தில், திராட்சைத் தோட்டங்கள். வீதியில் ஒரேயொரு கார். ஸ்டொப் இல்லை, மணி அடிப்பவர் இல்லை. அந்தக் காரை நான் ஓட்டவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

லீவைச் சேர்த்துச் சேர்த்து வைத்தேன். மூன்று வருடம் நச்சரித்து அவரையும் சம்மதிக்க வைத்தேன். "சரி, பாதி நீர் ஓடும், பாதி நான் ஓடுறன்" என்று எங்கள் சமையலறையில் வைத்துச் சொன்னார். நான் அதை நம்பினேன். அங்கே கியர் கார்தான் தருவார்கள் என்பதால், ஏவன்டேல் சந்தை கூடும் வெளியில், சந்தை இல்லாத நாளாகப் பார்த்து, கூட வேலை செய்யும் ஒருவரின் பழைய காரில் பழகினேன். ஆர்ஜென்டினாவில் ஸ்டியரிங் இடப்பக்கம், கியரை வலக்கையால் போடவேண்டும். கறி கொதிக்கும் நேரத்தில் அகப்பையைப் பிடித்து வலக்கையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்ப்பேன். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிப் புத்தகத்தையும் எடுத்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தேன்.

சால்டா நகரத்தில் கார் எடுக்கப் போனோம். மேசையில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினாள். ஓட்டுவது இரண்டு பேரா என்று கேட்கிறாள். நான் கைப்பையைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு விரலைக் காட்டினார்.

"இஞ்சேருங்கோ, நானும் ஓடுறதெண்டுதானே கதைச்சனாங்கள்?"

"இஞ்ச றோட்டுக்கு மற்றப் பக்கத்தால ஓடவேணும். உமக்குக் குழம்பும். ஒராள் காணும்."

அந்தப் பெண்ணுக்கு முன்னால் சண்டை பிடிக்க வெட்கமாக இருந்தது. பையை மூடினேன். வெளியே வந்து, பழக்கத்தில் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். எங்கள் ஊரில் அது ஓட்டுபவரின் இடம். அங்கே ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. வெறும் கையுறைப் பெட்டிதான் முன்னால் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலையில் ஏறத் தொடங்கினோம். முதலில் பச்சைச் சரிவு, பிறகு மூடுபனி, பிறகு தார் முடிந்து சரளைக் கல். அவர் மூன்றாம் கியரில் ஏற்றப் பார்ப்பதும் எஞ்சின் குலுங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. உயரம் கூடக் கூட அவருடைய உதடு வெளிறிக்கொண்டு வந்தது. காலையில் ஹோட்டலில் மூக்கு முட்டச் சாப்பிட்டிருந்தார். மலை ஏறும்போது வயிறு லேசாக இருக்கவேண்டும் என்று நான் வாசித்துச் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"தலையிடிக்குதோ?"

"இல்லை."

அடுத்த வளைவில் காரை நட்டநடுவில் நிறுத்தி, கதவைத் திறந்து, காலையில் தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூடுபனி நிறைந்த பள்ளம். பின்னால் லொறி ஏதும் வந்தால் எங்கள் கதை முடிந்தது.

"மற்றப் பக்கம் போங்கோ, நான் எடுக்கிறன்."

"கொண்ட்ராக்டில உம்மட பேர் இல்லை."

என் பெயர் ஏன் இல்லை என்று கேட்க வாய் உன்னியது. அதற்குள் அவருக்கு இரண்டாவது தரம் வந்துவிட்டது. நான் இறங்கிப் போய், தோளைப் பிடித்துத் தூக்கி, மறுபக்கம் கொண்டுவந்து இருத்தி, முகம் துடைக்கத் துவாயைக் கொடுத்தேன். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

நான் நன்றாக ஓட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வளைவுக்கு முன் ஹோர்ன், இரண்டாம் கியர், வெளி விளிம்பை விட்டு உள்ளே ஒட்டி, எதிரே வருகிறவனுக்கு இடம் கொடுத்து. பக்கத்தில் துவாய்க்குள்ளிருந்து "பஸ் மாதிரி வெட்டாதேயும்" என்று குரல் வந்தது. நான் அடுத்த வளைவுக்கு ஹோர்ன் அடித்தேன். உச்சியில் ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. அந்த இடத்தில் மூடுபனி முடிந்து வெயில் பொத்தென்று விழுந்தது. அதற்கப்பால் ஆளுயரத்துக்கும் மேலான கள்ளிகள் நின்ற ஒரு வெளி. நடுவே கயிறு பிடித்ததுபோல் நேர் வீதி. நான் பாட்டுப் பாடினேன். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே பாடினேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நேரங்களை எண்ணச் சொன்னால், மகள் பிறந்த நாளுக்கு அடுத்தது அந்த வீதிதான்.

கீழே இறங்க இறங்க அவருக்குத் தெளிந்தது. முதலாவது பள்ளத்தாக்கு ஊரின் வெள்ளைச் சுவர்கள் தெரிந்ததும் துவாயை மடித்தார்.

"நிப்பாட்டும். இனி நான் எடுக்கிறன்."

அந்த ஊரில் எங்களை அறிந்தவர் யார்? ஒரு நாய்கூட இல்லை. ஆனாலும் ஹோட்டல் வாசலில் அவர்தான் ஸ்டியரிங்கில் இருந்து இறங்கவேண்டும். ஒக்லாந்து வீதி மூலையை அங்கே வரைக்கும் காவிக்கொண்டு வந்திருந்தார். நான் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள். அம்புபோல் சரிந்து நிற்கும் பாறைகளுக்கு ஊடாகவும், ஆற்றுப் படுக்கையைக் கடந்தும், கஃபயாத்தே வரைக்கும் அவரே ஓட்டினார். தோட்டங்கள் சஞ்சிகையில் பார்த்ததைவிட அழகாக இருந்தன. இந்த உயரத்து வெயில் கடுமை என்பதால் பழம் தன்னைக் காக்கத் தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும் என்று ஒரு தோட்டக்காரர் விளக்கினார். எனக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். மல்லிகைபோல் மணக்கும் ஒரு வெள்ளை வைன் தந்தார்கள். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன், ஓட்டுகிற வேலைதான் இல்லையே.

திரும்பி வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பாபடோயிட்டோயில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வீட்டுக்காரத் தம்பி எங்களுக்குப் பழக்கமாகி ஒரு வருடம்தான் இருக்கும். நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து என் பெரிய சட்டியில் கொண்டுபோனேன். அவர் அங்கே வாங்கிய வைன் போத்தல் இரண்டைக் கொண்டுபோனார். முதல் போத்தல் பாதிக்கு வந்ததும் கதை தொடங்கியது.

"மூவாயிரம் மீட்டருக்கு மேல, பாருங்கோ. ஒரு பக்கம் பாதாளம். தார் இல்லை. முழுக்க நான்தான் ஓடினனான்."

இதை எதிர்பார்த்திருந்தேன். கையில் இருந்த அப்பளத்தைக் கடித்தேன். அடுத்ததைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"இவ பாவம். பாதி வழியில சத்தி. துவாயால முகத்தை மூடிக்கொண்டு அப்பிடியே கிடந்தா. நான் ஒரு கையால ஸ்டியரிங், மற்றக் கையால இவவைப் பிடிச்சுக்கொண்டு..."

வீதியை எடுத்தார், போகட்டும். தன்னுடைய சத்தியை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார்! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சென்னைக்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, "உங்களுக்கு ஹைட்டு ஒத்துக்கலையாக்கா? எங்க மாமியாருக்கும் அப்படித்தான்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவ செவ்வாய்க்கிழமைகளில் என் பஸ்ஸில் ஏறுகிறவ. என்னைப் பார்த்து ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறவ. அவ தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. நான் மறுக்கமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம். நானும் மறுக்கவில்லை.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். புல்லில் நின்று எல்லாரும் கை காட்டினார்கள். ஹோர்ன் ஒருமுறை. மூலை. நிறுத்தினார், இறங்கினோம், இடம் மாறினோம். நான் பெல்ட்டைப் போடும்போதுதான் சட்டியின் நினைவு வந்தது. சத்தியமாக மறந்துதான் வந்தேன். காரைத் திருப்பினேன்.

"எங்க போறீர்?"

"சட்டி எடுக்க."

"விசரே உமக்கு? நாளைக்கு எடுக்கலாம். நிப்பாட்டும் சொல்லுறன்! அப்ப நான் ஸ்டியரிங்குக்கு வாறன்."

"நீங்கள் குடிச்சிருக்கிறியள்."

இந்த முறை நான் நிறுத்தவில்லை. கார் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது புல்லில் ஒருவரும் கலைந்திருக்கவில்லை. ஸ்டியரிங்கில் நான். இடப்பக்கத்தில், சீட்டில் வழுக்கி வழுக்கித் தாழ்ந்துபோய், அவர். தம்பி உள்ளே ஓடிப்போய்ச் சட்டியைக் கொண்டுவந்தார்.

"என்னக்கா, நீங்கள் ஓடுறியள்?"

கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். எல்லாருக்கும் கேட்கவேண்டும் என்றுதான் இறக்கினேன்.

"ஓம் தம்பி. மலையிலயும் நான்தான் ஓடினனான். சத்தி எடுத்தது இவர். நான் பஸ் ஓடுறனான், பதினொரு வருசமா. ஒடாஹுஹுவில."

தம்பி தொடையில் தட்டிச் சிரித்தார். "அக்கா நல்லாப் பகிடி விடுறா!" என்றார். சென்னைக்காரப் பெண் "பஸ்ஸா! ஐயோ அக்கா, முடியல" என்று வாயைப் பொத்தினாள். புல் முழுவதும் சிரிப்பு. செவ்வாய்க்கிழமைக்காரியைப் பார்த்தேன். அவவும் சிரித்தா. பக்கத்துச் சீட்டில் மெல்ல மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

தம்பி சட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, சுற்றி வந்து, அவருடைய பக்கத்துக் கண்ணாடிக்குக் குனிந்தார்.

"அண்ணை, கவனமாப் பாத்துக்கொண்டு போங்கோ. அக்கா ஓடுறா."

"ஓம் ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அவர்.

நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.