பதினொன்றில் ஒன்பது

குற்றாலம் தந்தி ஆபீசில் வேலை பார்த்த அந்த வருஷங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடிந்ததும் அருவிக் குளியல், பிறகு நாள் முழுக்கத் தந்திக் கருவியின் கட்டு கடகட.

இன்று கம்ப்யூட்டர் புத்தகத்தைப் புரட்டினால் பாக்கெட், ஹெடர், அக்னாலெட்ஜ்மென்ட் என்று வாய்க்குள் நுழையாத பேராக வைத்திருக்கிறார்கள். பேர்தான் புதுசு. சங்கதியெல்லாம் அன்றைக்கே எங்கள் கம்பியில் ஓடியது. குட்டைத் தட்டு, நீளத் தட்டு, இரண்டுக்குள் அத்தனை எழுத்தும் அடக்கம். திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரே கம்பி தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூன்றுக்கும் பொது. ஒருவர் தட்டினால் எல்லார் மேஜையிலும் கேட்கும். அவரவர் ஊர்க்குறி வந்தால்தான் பென்சிலை எடுக்கவேண்டும். முதலில் மொத்தம் எத்தனை சொல் என்று வரும். அப்புறம் விலாசம், அப்புறம் சேதி. எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தால் 'கிடைத்தது' என்று திருப்பித் தட்டுவோம். எண்ணிக்கை உதைத்தால் தந்தியை யாரிடமும் கொடுக்கக்கூடாது. விதி விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன்.

ஒரு சாரல் சமயம், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவர் மூன்று நாளாக ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தாள். மருமகன் தந்தி கொடுப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் நிற்கும்போதே எங்கள் குறி வந்தது. மொத்தம் பதினொரு சொல். விலாசம் முடிந்ததும் தட்டுகள் சிதறின. மழையில் எங்கோ ஈரக் கிளை கம்பியில் உரசியிருக்கும். பிறகு ஆங்கிலத்தில் 'குழந்தை நலம்' என்று தெளிவாக விழுந்தது. அதோடு கம்பி செத்துவிட்டது. எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தது.

தந்தி முழுசாக வரவில்லை, இரண்டு சொல் பாக்கி என்றேன். வந்தவரைக்கும் சொல்லும்படி கேட்டார். என் முரட்டுத்தனம் அந்த முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. குழந்தை நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ வராத ரெண்டும் எம் மவளா சார்?" என்றார்.

சொல்லியிருக்கவே கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அருவியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் அவர் அசையவில்லை. ஒரு மணி நேரம் நான் தந்திச் சாவியைத் தட்டுவதும் அவர் என் கையைப் பார்ப்பதுமாகப் போயிற்று.

கம்பிக்கு உயிர் வந்ததும் 'குழந்தை'க்கு முன்னால் உள்ளதைத் திரும்பக் கேட்டேன். வந்தது: 'தாயும்'. ஆங்கிலத்தில் அது 'மதர்', 'அண்ட்' என்று இரண்டு சொல். பதினொன்றும் சரி. வாசித்துக் காட்டினேன். அவர் எண்ணெய்க் கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சத்தத்துல எம் மவ எது சார்?"

சரியாக வந்ததை மறுபடி கேட்கக்கூடாது. திருநெல்வேலியில் இருந்தவர் அதற்கெல்லாம் எரிந்து விழுகிற ஆள். கேட்டேன். என்ன நினைத்தாரோ, காரணம் கேட்காமல் எழுத்தெழுத்தாக அனுப்பினார். 'மதர்' தொடங்கும் இரண்டு நீளத் தட்டு விழுந்ததுமே நான் விரலை உயர்த்தினேன். அந்தச் சொல் முடியும்வரை பெரியவர் மூச்சுவிடாமல் கேட்டார்.