தட்டின் அடியில் ஒரு முயல்

தாராவியில் ஒற்றை அடுப்பில் இட்லி அவித்து, தலைச்சுமையாக விற்றவன் நான். பிறகு சைக்கிள், பிறகு காட்கோபரில் கடை, மாட்டுங்காவில் இன்னொன்று, செம்பூரில் ஏழாவது மாடியில் வீடு. எல்லாம் நாலாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கை கட்டியது. ஆனால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது ஒரு சின்னத் தட்டு. அதன் அடியில் முயல் படம் உண்டு. இருப்பதைத் தின்று முடித்தால்தான் முயல் தெரியும். என் பேத்தி அந்த முயலைப் பார்த்ததே இல்லை.

ஊருக்கெல்லாம் இட்லி போட்டவன் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருமகள் போனில் படம் ஓடவிட்டு ஒரு வாய் திணிப்பாள். அது கன்னத்திலேயே ஊறிக் கிடக்கும். பள்ளிக்கூடம், வேன், லிஃப்ட், சோபா, அவ்வளவுதான் அதன் உலகம். இந்த மாதமும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, மருமகள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்காதென்று நினைத்திருப்பாள்.

அந்த வாரம்தான் லிஃப்ட் நின்றுபோனது. பேத்தியை வேனிலிருந்து இறக்கிக் கூட்டிவந்தேன். என் முட்டி ஏழு மாடி ஏறாது. மெக்கானிக் வரட்டும் என்று கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேனின் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நொண்டித் துரத்தும் லங்கடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பேத்தி என் விரலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கை காலியாக இருந்தது. விழுந்தாள், எழுந்தாள், முழங்காலெல்லாம் புழுதி. நான் கூப்பிடவில்லை.

மேலேயிருந்து மருமகள் போன் செய்தாள். "மாமா, ஒரே தூசி, புள்ளைக்குச் சளி புடிச்சிரும்."

"சளிக்கு மருந்து இருக்கு, பசி எடுக்க இருக்கா? பேசாம இரும்மா."

பொழுது சாய்கையில் வியர்வையோடு ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். "தாத்தா, பூக் லகி." பசிக்கிறது என்பதை இந்தியில்தான் சொன்னாள். வீட்டில் அந்தச் சொல் அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் அப்போதுதான் கேட்டிருப்பாள். உடனே போன் போட்டு மருமகளை இட்லியும் தட்டுமாகக் கீழே இறங்கி வரச் சொன்னேன்.

"இங்கயா மாமா? நாலு பேரு பாக்காவ!"

"பாக்கட்டும். மேல ஏறுததுக்குள்ள பசி ஆறிரும். நீ சட்னிய ஊத்து."

இரண்டு இட்லி போனது. மூன்றாவதற்கு அவளே கை நீட்டினாள். தட்டை விரலால் வழித்தவள், "அம்மா, முயலு!" என்று கத்தினாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

லிஃப்ட் மறுநாளே சரியாகிவிட்டது. நான் மட்டும் சாயந்திரம் தவறாமல் கீழே நாற்காலி போட்டேன். மாதக் கடைசியில் எடை ஏறியிருந்தது. தான் எழுதிக் கொடுத்த டானிக் வேலை செய்தது என்றார் டாக்டர். வேண்டுதல் பலித்தது என்றார்கள் சம்பந்தி வீட்டார். லிஃப்ட் கெட்டதே நல்லதாயிற்று என்கிறான் மகன். லிஃப்ட் தானாகக் கெட்டது, சரி. கீழே உட்கார்ந்தது யார்? கூப்பிடாமல் இருந்தது யார்?

இப்போது அந்த முயலுக்குக் காது தேய்ந்துவிட்டது. தட்டை அப்படி வழிக்கிறாள். கடைப் பலகையில் என் பெயர் இல்லாவிட்டாலும் போகட்டும். இந்தக் காது தேய்ந்ததில் என் பங்கு உண்டு. அதை மருமகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டாக்டர் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.