கைதட்டல் வாங்கிய இருமல்

மூன்று வருடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். என் வீடு தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் தினமும் ரயிலேறி வேலைக்குப் போய் வருகிறவள். பெங்களூரில் ஒரு கம்பெனியில், போனில் வருகிற புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை.

அது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலங்களில் பெங்களூரில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்வேன். கையில் ஒரு மைக், எதிரே முப்பது நாற்பது பேர். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். முதல் ஒரு வருடம் யாருமே சிரிக்கவில்லை. ஒருமுறை முன்வரிசையில் இருந்தவர், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து ஆட்டோ புக் செய்தார். அன்றைக்கு அழுதேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் போய் நின்றேன். எனக்கு இது வரும் என்று ஏனோ ஒரு பிடிவாதம்.

அப்புறம்தான் ஒருநாள் அப்பாவைப் பற்றிப் பேசினேன். அப்பா இருபத்தைந்து வருடம் தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர். அந்தத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டது. சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும் இருமல் மட்டும் நிற்கவில்லை. நான் மேடையில் சொன்னது இதுதான்: "எங்க வீட்ல அலாரமே கிடையாது. அப்பா முதல் தடவ இருமுனா பால் வரும். ரெண்டாவது தடவ இருமுனா பேப்பர் வரும். மூணாவது இருமலுக்கு மாரிக்குப்பத்துல ரயிலே கெளம்பிடும்." சொல்லிவிட்டு, அப்பா மாதிரியே குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் இருமிக் காட்டினேன். அப்படி ஒரு கைதட்டலை அதற்கு முன் நான் வாங்கியதே இல்லை. அதிலிருந்து எங்கே போனாலும் அந்த இருமலோடுதான் முடிப்பேன். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, அது ஊரில் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை, பங்காருபேட்டை தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். முகம் பழக்கம், பேசியதில்லை.

"அந்த வீடியோல இருமுறது நீங்கதானங்க?" என்றாள்.

பாராட்டப் போகிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி தலையாட்டினேன்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. எங்கப்பாவும் அப்டியேதான் இருமுவாரு. ஆனா கடைசில நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அத விட்டுட்டீங்க. ரெண்டு மாசம் ஆச்சு அவரு போயி" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த வயதான பெண் ஒருவர் கையை நிறுத்திவிட்டார். பெங்களூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பெங்களூர்ல சிரிப்பாங்க. நம்ம ஊர்ல நின்னு இத செய்வீங்களா?"

மறுநாள் விடியற்காலை எழுந்து ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருமல் சத்தமே கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பத்து நாளாகவே கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். பாத்ரூம் சுவரோரம், அப்பா துண்டை வாயில் அழுத்திப் பிடித்தபடி நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, இந்தப் பனில வெளிய வந்து நிக்கற?" என்றேன்.

முதலில், "நீ தூங்கணும்னுதான்" என்றார். முப்பது வருடமாக அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குகிறேன் என்பது அவருக்கும் தெரியும். நான் நகராமல் நிற்கவே, மெதுவாகச் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரரு போன்ல காட்டுனாரும்மா. நல்லாத்தான் செய்ற. நான் அவ்ளோ குனிஞ்சி இருமுறன்னு எனக்கே தெரியாது."

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டுச் சொன்னார். அவரை உள்ளே அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

இந்தக் காமெடியே வேண்டாம், விட்டுவிடு என்று அம்மா சொன்னார். ஒரு வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஊரில் நின்று சொல்ல முடியாததை வெளியூரில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது விட்டு ஓடினால் அந்த இருமல்தான் நான் கடைசியாகச் சொன்ன ஜோக்காக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ரயிலில் அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "சிரிச்சது தப்பில்லங்க. எங்கப்பாவே பயங்கர நக்கல் புடிச்ச ஆளு" என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், பீடி பிடிப்பீங்களா என்று கேட்டதற்கு, "பீடியா? நான் மலையவே இழுத்தவன் சார்" என்றாராம். டாக்டர் எக்ஸ்-ரேயைத் தூக்கிப் பார்த்தபோது, "உள்ள தங்கம் கிங்கம் தெரிஞ்சா சொல்லிடுங்க சார், கேட்ல செக்கிங் இருக்கு" என்றாராம். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தங்கத் துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று சுரங்கக் கேட்டில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள் என்று என் அப்பாவும் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். நான்கு நாள் கழித்துத்தான் பதில் சொன்னாள். "சொல்லுங்க. ஆனா எங்கப்பா சொன்னதுன்னு சொல்லணும்."

இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். இருமிக் காட்டுகிற பகுதியை எடுத்தேன். அப்பாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். பிடிக்காததற்கு அவர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதையெல்லாம் அடித்தேன். பிறகு எங்கள் பகுதி இளைஞர் சங்கத்தாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலைக் கேட்டேன். காமெடியா, பொம்பளப் பிள்ளையா என்று இழுத்தார்கள். மூன்று முறை நடந்த பிறகு கொடுத்தார்கள்.

அன்று வந்தவர்களில் பாதிக்கு மேல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். வீடியோவைப் பார்த்தவர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒரு சிரிப்புக் கூட இல்லை. ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஆனால் இறங்கக் கூடாது என்று மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நான் உங்க இருமல வித்து கைதட்டல் வாங்குனவ. அதுக்கு மன்னிச்சிடுங்க. இனிமே சொல்லப்போறது என் ஜோக்கு இல்ல, நம்ம ஊர்க்காரரு ஒருத்தரு டாக்டர்கிட்ட சொன்னது" என்று சொல்லிவிட்டு, அந்த எக்ஸ்-ரே கதையைச் சொன்னேன்.

கேட்டில் செக்கிங் என்று சொன்னதுதான் தாமதம், ஹாலே அதிர்ந்தது. சிரித்தவர்களுக்குச் சிரிப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. ஒருவர், இருவர், அப்புறம் வரிசை வரிசையாக. இருமிக்கொண்டே சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண், முகத்தைக் கையால் மூடியபடி தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அப்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். எழுந்து வெளியே போகவில்லை. எல்லாரோடும் சேர்ந்து, துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு இருமினார். அவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நான் அடுத்த வார்த்தை பேசாமல் காத்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் சனிக்கிழமைகளில் மேடை ஏறுகிறேன், சில நாள் சிரிக்கிறார்கள், சில நாள் இல்லை. ஆனால் புதிதாக ஒன்று எழுதினால், அதை யாரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறதோ அவர்களிடம்தான் முதலில் போய்ச் சொல்கிறேன், அவர்கள் சிரித்தால் மட்டுமே அது என் வாயிலிருந்து மைக்குக்குப் போகிறது.