கார்டு இல்லாத கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பீரோவின் மேல்தட்டிலிருந்து பழைய கேமரா பையை இறக்கித் திறந்தாள். குப்பென்று தவிட்டு வாசனை. கேமராவில் எப்படித் தவிடு வரும் என்று கேட்டாள். கடற்காற்று பட்டால் லென்சில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ பயமுறுத்த, முத்துப்பேட்டையில் இருந்த காலத்தில் அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தேன். உலைக்கு அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் லென்ஸ் தட்டுப்படும். பேட்டரியை ஏற்றிப் பார்த்தோம். ஆச்சரியம், உயிர் வந்தது. திரையில் ‘கார்டு இல்லை’ என்று காட்டியது.

“எங்கப்பா போச்சு?”

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது நான் அங்கே ஆங்கில வாத்தியார். கல்யாணம் ஆகாதவன். ஜமால் பாய் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருக்கும் என் வயதுதான். சார்ஜாவில் ஒரு கடையில் வேலை. லீவில் வந்து நிக்காஹ் முடித்திருந்தார். லீவு தீர்ந்துபோயிற்று. விமானம் ஏறினால் திரும்பி வர இரண்டு வருடம். அந்த வீட்டில் பெண்களைப் படம் எடுக்கிற வழக்கம் கிடையாது. மனைவி நஸ்ரினின் முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லாமல் அவர் கிளம்ப வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடத்தை விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஸ்டுடியோ என்றால் நஸ்ரின் ஒப்பவில்லை. “படத்த கழுவுறவன் பாத்துருவான்ல. ஒரு காப்பிய அவன் வெச்சுக்கிட்டா?” அந்த நேரம் பார்த்துத்தான் நான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். இதில் கழுவ ஒன்றுமில்லை என்று ஜமால் பாய் பல நாள் பேசி, கடைசியில் நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. ஒரே ஒரு படம். எடுத்ததும் உள்ளே இருக்கிற கார்டை ஜமால் பாய் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கிளம்புகிற அன்றைக்குத்தான் கேமரா முன்னால் நிற்க நஸ்ரினுக்கு மனம் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி தெருவில் நின்றது. வீடு முழுக்க உறவுக்காரர்கள். நாங்கள் மூவரும் கொல்லையில், கிணற்றடி ஓரமாக. நல்ல வெயில். எடுத்தேன். திரையில் இரண்டு பேரும் அமாவாசையில் வழி தவறியவர்கள் மாதிரி நின்றார்கள்.

“என்ன வாத்தியாரே, கரண்டு போயிருச்சா?” என்றார் ஜமால் பாய்.

மூடியைக் கழற்றினேனா என்று தடவிப் பார்த்தேன். கழற்றித்தான் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினேன். அதே இருட்டு. லென்சின் வாயை அகலத் திறந்தேன். அதே இருட்டு. நான் ஒரு ஜன்னலைத் திறந்தால் கேமரா சத்தமில்லாமல் இன்னொன்றைச் சாத்தியது. இத்தனைக்கும் கேமராவோடு வந்த கையேட்டை முழுக்கப் படித்தவன் நான். பரீட்சை வைத்திருந்தால் பாஸாகியிருப்பேன்.

தெருவில் ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து ஜமால் பாயின் உம்மா குரல் கொடுத்தார். “ஜமாலு, வண்டிக்காரன் கத்துறான். கொல்லையில என்னத்த தேடுற?”

நஸ்ரின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “விட்டுருங்க. அல்லாஹ் வேணாங்குறான் போல.”

“அல்லாஹ் ஒண்ணும் வேணாங்கல. வாத்தியாருக்குத்தான் தெரியல.” சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் நெற்றியில் வியர்த்திருந்தது. கேமராவை எட்டிப் பார்த்தார். “இந்தத் திருகுல பச்சையா ஒரு கட்டம் இருக்கே, அது என்ன?”

“அது ஒண்ணும் தெரியாதவங்களுக்கு, பாய்.”

“அப்ப நமக்குத்தான். அதுல வையுங்க.”

வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்த நொடியே படம் விழுந்திருக்கும். ஆனால் நான் கற்றுத் தேர்ந்த கலைஞன் அல்லவா? மறுபடி எடுத்தேன். மறுபடி இருட்டு. இன்னொரு ஹாரன். நஸ்ரின் கொல்லைக் கதவைப் பார்த்து நடந்தார். ஜமால் பாயின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் கேமராவுக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன அளவுகோல். அதன் முள் நடுவில் இல்லை. இடது கோடியில் ஒதுங்கிக் கிடந்தது.

முந்தின சாயங்காலம் அலையாத்திக் காட்டுப் பக்கம் சூரியன் இறங்குவதை எடுக்கப் போயிருந்தேன். படகுகள் கன்னங்கரேலென்று விழ வேண்டும் என்று வெளிச்சத்தை இரண்டு படி குறைத்து வைத்தது நான்தான். அணைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டில் வைத்து அணைத்த மின்விசிறி மறுநாளும் இரண்டில்தானே சுற்றும்? அந்த அறிவு கேமராவுக்கு இருந்தது.

முள்ளை நடுவுக்குத் திருப்பினேன். “பாய், கூப்பிடுங்க அவங்கள.”

“நஸ்ரின்.”

அழுத்தினேன். ஹாரன் விடாமல் அடித்தது. உம்மா மறுபடி கூப்பிட, நஸ்ரின் உள்ளே போய்விட்டார். ஜமால் பாய் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தார். வாய் ஓயாத மனிதர். உள்ளங்கையால் வெயிலை மறைத்து மறுபடி பார்த்தார்.

“போதும் வாத்தியாரே.”

கார்டை உருவிக் கொடுத்தேன். கைக்குட்டையில் மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் செருகிக்கொண்டு போனார். புதுக் கார்டு வாங்கப் பட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, கேமரா அரிசிக்குள்ளேயே கிடந்து என்னைவிட நன்றாக ஓய்வெடுத்தது.

கதையைக் கேட்ட மகள் அப்போதே சார்ஜாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஜமால் பாய் குடும்பமே இப்போது அங்கேதான். விளக்குப் போடாத அறையில் உட்கார்ந்திருந்தாலும் ஜமால் பாயின் முகத்தைப் போன் தானாகவே பளிச்சென்று காட்டியது. நமக்கு வேலையே வைப்பதில்லை.

“கேமரா இன்னுமா உயிரோட இருக்கு? அந்தக் கார்ட ரூம் மாத்துறப்ப எங்கயோ விட்டுட்டேன் வாத்தியாரே. தேடாத இடமில்ல.”

நஸ்ரின் போனைப் பிடுங்கினார். பின்னால் குக்கர் சத்தம். “அண்ணே, இருட்டுப் படத்த மட்டும்தான் எனக்குக் காட்டுனீங்க. கடைசில எடுத்தத நான் பாக்கவே இல்ல. இவர கேட்டா நல்லா இருந்துச்சுங்குறாரு, அதுக்கு மேல வாயே தொறக்க மாட்டேங்குறாரு. எப்படி இருந்தேன்?”

அவருடைய போனில் இன்று அவர் படம் ஆயிரக்கணக்கில் இருக்கும். கேட்டது அந்த ஒன்றை.

“கதவுக்குள்ள ஒரு கால வெச்சிருந்தீங்க” என்றேன். “பாய் கூப்பிட்டதும் திரும்பிப் பாத்தீங்க. முக்காடு கொஞ்சம் நழுவியிருந்துச்சு. முகத்துல வெயில்.”

“சிரிச்சேனா?”

“இல்லம்மா. சிரிக்க நேரம் இல்ல.”

அந்தப் பக்கம் குக்கர் அடங்கியது. “அப்படியா” என்றார்.

அந்தப் படம் இப்போது இந்த நாலு வரிதான்.